குடல்புண் (சொல்)

'பெப்டிக் அல்சர்' என்பதற்குத் தமிழில் பரவலாக வழங்கும் சொல் குடல்புண். ஆனால் இப்புண் முன்சிறுகுடலில் மட்டுமன்றி இரைப்பையிலும் தோன்றும், இரைப்பை குடலன்று. பெருங்குடலில் வரும் புண்ணையும் இப்பெயராலேயே சொல்வதால் குழப்பம் கூடுகிறது. சித்த மருத்துவம் கூறும் குன்மம் எட்டு வகைப்படும். அதுவும் நேர்ச்சொல் ஆகாது.

நன்னிலம் பக்கம் வேளை தவறிச் சாப்பிட்டு வயிறு எரிந்தாலே "அல்சர்" என்பர். பட்டினியே காரணம் என்ற எண்ணம் சொல்லோடு ஒட்டிக்கொண்டது. முதன்மைக் காரணங்களோ ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் பாக்டீரியாவும் வலி மாத்திரைகளும். அந்தப் பாக்டீரியாவின் பங்கைக் கண்டறிந்த பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 2005இல் நோபல் பரிசு பெற்றனர். நடவு முடிந்து இடுப்புவலிக்கு மாத்திரை போடுபவர், வேளைக்குச் சாப்பிட்டால் போதும் என்றிருப்பது இப்பழைய எண்ணத்தால்தான். மலம் தார்போல் கறுத்தால் உள்ளே இரத்தம் கசியலாம்; மோர் குடித்துப் பொறுத்திருக்கக் கூடாது. 'இரைப்பைப் புண்', 'முன்சிறுகுடல் புண்' எனப் பிரித்து எழுதுவதே தகும்.