கேள்வி ஞானமும் புளூஸ் கிற்றாரும்

எழுத்துத் தோன்றுமுன் பாட்டுத் தோன்றிற்று. அக்காலத்தில் பாட்டைக் கற்பித்தவரும் கற்றவரும் செவியையே ஏடாகக் கொண்டனர். இசையுலகில் இன்றும் ‘கேள்வி ஞானம்’ என்னும் தொடரை நாம் மதிப்போடு வழங்குகின்றோம். ஆயின், ஆசிரியர் எதிரே இருந்து பாட, மாணவன் கேட்டுப் பயில்வது ஒன்று. ஆசிரியர் முகத்தையே காணாது, அவர் என்றோ பாடிப் பதிந்த இசைத்தட்டை மட்டும் கேட்டுப் பயில்வது பிறிதொன்று. பின்னையதும் கேள்வி ஞானம் ஆகுமா? இசைத்தட்டு ஆசானாக அமையுமா? அமையுமாயின், அவ்வாசானிடம் கொள்ள வேண்டியது யாது, தள்ள வேண்டியது யாது? இவ்வினாக்களை ஆராய்வதற்கு ஐக்கிய அமெரிக்காவின் தென்பகுதியில் எழுந்த நாட்டுப்புறப் புளூஸ் இசை தக்கதொரு களமாகும்.

அடிமைத்தளையினின்று விடுபட்டும் வறுமையினின்று விடுபடாதிருந்த ஆபிரிக்க அமெரிக்க மக்களிடையே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி உருவான பாடல் வகையே புளூஸ். அதன் நாட்டுப்புற வடிவில் பாடுவோர் பெரும்பாலும் ஒருவரே. அவர் கையில் ஒரு கிற்றார். அக்கிற்றார் குரலுக்குத் துணைநிற்கும். குரல் ஓய்ந்த இடத்தில் மறுமொழியும் கூறும். ரெக்சாஸ் மாநிலத்தவரான பிளைண்ட் லெமன் ஜெபர்சனின் இசைத்தட்டுகள் 1926 ஆம் ஆண்டு முதல் நன்கு விலைபோகவே, நிறுவனங்கள் இத்தகைய பாடகரைத் தேடத் தலைப்பட்டன. அவற்றுள் முதன்மையான பரமவுண்ட், விஸ்கொன்சின் மாநிலத்தில் நாற்காலி செய்து விற்ற நிறுவனமொன்றின் கிளையாகும். சார்லி பற்றன், சன் ஹவுஸ், ஸ்கிப் ஜேம்ஸ் முதலிய பெருங்கலைஞரின் குரல்கள் அந்நிறுவனத்தின் தரங்குறைந்த அரக்குத் தட்டுகளிலேயே பதிந்தன. பொருளாதார மந்தம் வந்தது, தட்டுகள் விலைபோகவில்லை, பாடியவர் வயலுக்கும் தொழிற்சாலைக்கும் திரும்பினர். மூலப்பதிவுகளும் அழிந்தன. எஞ்சியவை, வீடுகளில் தேய்ந்து கீறல்பட்டுக் கிடந்த சில தட்டுகளே.

இரண்டு தசாப்தங்களுக்குப் பின்னர் இவை மறுபிறப்பெடுத்தன. 1952 இல் ஹரி சிமித் தொகுத்த அமெரிக்க நாட்டார் இசைத் திரட்டு 84 பதிவுகளோடு வெளிவந்தது. 1959 இல் சாமுவேல் சாட்டர்ஸ் நாட்டுப்புறப் புளூஸ் பற்றிய நூலை வெளியிட்டார். 1961 இல் கொலம்பியா நிறுவனம் றொபேட் ஜோன்சனின் பாடல்களை நெடுந்தட்டாக வெளியிட்டது. இவற்றைக் கேட்டு மயங்கிய நகரத்து இளைஞருக்கு ஆசிரியரும் இலர், பாடநூலும் இல்லை. ஜோன்சன் 1938 இலேயே மறைந்துவிட்டார். ஏனையோர் உயிரோடிருந்தனரா என்பதும் தெரியாது. ஆதலின், தட்டைச் சுழலவிட்டுச் செவியைக் கூர்மையாக்குவதன்றி அவர்க்கு வேறு வழி இருக்கவில்லை.

அவர் கையாண்ட முறை அறியத்தக்கது. சில தட்டுச்சுழலிகளில் நிமிடத்துக்கு 33⅓ சுற்றுடன் 16⅔ சுற்று என்னும் வேகமும் இருந்தது. நெடுந்தட்டை இவ்வேகத்தில் சுழற்றினால் காலம் இருமடங்காகும். சுருதி சரியாக ஒரு ஸ்தாயி இறங்கும். சுரத்தின் பெயர் மாறாது. விரலின் ஓட்டமோ தெளிவாகப் புலப்படும். இன்று கணினி, சுருதியைச் சிறிதும் இறக்காமலே வேகத்தைக் குறைத்துத் தருகின்றது. கருவி மாறினும் செவி ஆற்ற வேண்டிய பணி மாறவில்லை.

அப்பணியுள் முதலாவது, கிற்றாரின் தந்திகள் எவ்வாறு கூட்டப்பட்டன என்று காண்பது. புளூஸ் கலைஞர் வழக்கமான கூட்டுமுறையோடு நில்லாது, வெறுந்தந்திகளை மீட்டினாலே இசைவான ஒலி எழுமாறு கூட்டிக்கொள்வதுமுண்டு. நம் சுரப்பெயர்களால் கூறுவதாயின், அவற்றுள் ஒரு முறை கீழிருந்து மேலாகச் ச, ப, ச, க, ப, ச என அமையும். இங்குக் காந்தாரம் அந்தரகாந்தாரம். ஸ்கிப் ஜேம்ஸ் 1931 இல் பதிந்த பாடல்கள் பலவற்றில் இதே கூட்டில் அவ்வொரு தந்தி மட்டும் அரைச்சுரம் இறங்கிச் சாதாரணகாந்தாரமாக நிற்கின்றது. அதன் முதல் மெட்டில் விரலை வைத்தால் அந்தரகாந்தாரம், எடுத்தால் சாதாரணகாந்தாரம். அவர் இசையில் நிழல்போலப் படிந்திருக்கும் துயரத்தின் ஊற்று இவ்வொரு தந்தியில் இருக்கின்றது. இதனை அறியாதவர் வழக்கமான கூட்டுமுறையில் விரல்களை எத்துணை வளைத்து முயன்றாலும் அவ்வொலியைப் பெறல் அரிது. தட்டோ, தந்தி எவ்வாறு கூட்டப்பட்டது என்று சொல்லாது. வெறுந்தந்தியின் நீண்ட ஒலியையும் விரல் அழுத்திய தந்தியின் ஒலியையும் பிரித்தறியும் செவியே அதனைச் சொல்லும்.

இரண்டாவது, பெருவிரலின் தொழில். மிசிசிப்பி ஜோன் ஹேர்ட் 1928 இல் பதிந்த பாடல்களில் பெருவிரல் தாழ்ந்த தந்திகளில் மாறிமாறி நடைபயில, ஏனைய விரல்கள் மேல் தந்திகளில் பாட்டின் மெட்டை மீட்டுகின்றன. புதிதாகக் கேட்பவர் இருவர் வாசிப்பதாகவே கருதுவர். கரி டேவிஸ் என்னும் பாதிரியாரோ பெருவிரல், சுட்டுவிரல் என்னும் இரண்டினாலேயே ஒரு சிறு வாத்தியக் குழுவின் நிறைவை உண்டாக்கினார். கற்போன் முதலில் மேற்குரலைப் பற்றிக்கொள்ள விரும்புவான். அது இனிமையாகவும் எளிதாகவும் காதில் விழும். அனுபவமுடையோர் அறிவுறுத்துவது இதற்கு மாறானது: பெருவிரலை முதலில் கேள், அது கைவந்தபின் ஏனைய விரல்கள் தத்தம் இடத்தை அறியும்.

மூன்றாவதாகக் கேட்கவேண்டியது குரலுக்கும் தாளத்துக்கும் உள்ள உறவு. புளூஸ் பாட்டின் பொதுவிலக்கணம், மூன்று அடிகளும் அவற்றுக்குப் பன்னிரண்டு தாள அளவுகளும் என்பதாகும். ஆயின் ஜெபர்சன் பாடுங்கால், அடி முடிந்தபின் கிற்றார் தன் மறுமொழியைக் கூறி முடிக்கும்வரை அடுத்த அடி தொடங்காது. அளவு பன்னிரண்டை மிஞ்சினும் அவர் கவலைகொள்ளார். இதனைப் பிழையெனக் கொண்டு பன்னிரண்டுக்குள் அடக்கிப் பாடினால் இலக்கணம் பிழைக்கும், பாட்டு இறக்கும். மூச்சே இங்கு அளவுகோல்.

இனி, எழுதிய சுரக்குறிப்பு இருக்கச் செவியை ஏன் வருத்தவேண்டும் என்பார் உளர். தந்தியையும் மெட்டையும் எண்களால் காட்டும் குறிப்புகள் இன்று நிரம்பக் கிடைக்கின்றன. அவை நினைவுக்கு உதவும் என்பதில் ஐயமில்லை. ஆயின் புளூஸின் உயிரான சுரம் சாதாரணகாந்தாரத்துக்கும் அந்தரகாந்தாரத்துக்கும் இடையே ஊசலாடுவது. தந்தியைச் சற்றே இழுத்தோ, கண்ணாடிக் குப்பியின் கழுத்தைத் தந்திமேல் வழுக்கியோ அதனை எழுப்புவர். பியானோவில் அதற்குக் கட்டை இல்லை. குறிப்பில் அதற்கு எண் இல்லை. கமகத்தை ஏட்டில் எழுதிக் காட்டமுடியாது என்பதை அறிந்த நமக்கு இது புதுமையன்று. குறிப்பை மட்டும் நம்பியவன் இரண்டு காந்தாரங்களுள் ஒன்றைத் தெரிந்துகொள்வான். பாட்டு வாழும் இடத்தைத் தவறவிடுவான்.

இவ்வளவும் செவிக்கல்வியின் சிறப்பு. அதன் குறையையும் கூறுதல் திறனாய்வோன் கடன். தட்டில் உள்ளதை உள்ளவாறே, விரல் தவறிய இடத்தையும் விடாது, ஒப்பிப்பதே உண்மையான பத்தி என்று கருதுவோர் ஒரு சாரார். இவர் தட்டையும் பாட்டையும் ஒன்றெனக் கொண்டு மயங்குகின்றனர். அக்காலத்துத் தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடமே கொள்ளும். அதற்குள் அடங்குமாறு பாட்டுச் சுருக்கப்பட்டது. இரவு முழுதும் ஆடுவோருக்காக வாசித்தவர், எத்தனை கண்ணி பாடினார் என்பதைத் தட்டுக் கூறாது. பதிந்த வேகமும் எப்போதும் சரியாக 78 சுற்று அன்று. எனவே நாம் கேட்கும் சுருதியே ஐயத்துக்குரியது. சன் ஹவுஸின் பாடல்களை அலன் லோமக்ஸ் 1941 இல் மிசிசிப்பிக் கடையொன்றில் பதிந்தபோது, அவ்வழியே சென்ற புகையிரதத்தின் ஓசையும் உடன் பதிந்துவிட்டது. அதனையும் வாசித்துக் காட்டவேண்டும் என்று எவரும் கூறார். ஆயின், தட்டில் உள்ள தற்செயல்கள் அனைத்தும் புகையிரதத்தைப்போல எளிதில் இனங்காணத்தக்கன அல்ல.

றொபேட் ஜோன்சனின் ‘குறொஸ் றோட் புளூஸ்’ இதற்குத் தக்க சான்று. 1936 நவம்பரில் சன் அன்ரோனியோ நகரில் அப்பாட்டை அவர் இருமுறை பாடிப் பதிந்தார். 1937 இல் தட்டாக வெளிவந்தது முதற்பதிவு. 1961 ஆம் ஆண்டின் நெடுந்தட்டில் இடம்பெற்றதோ அதுவரை வெளிவராதிருந்த இரண்டாம் பதிவு. ஆகவே, நெடுந்தட்டைக் கேட்டுப் பயின்ற தலைமுறையினர் எதனை மூலபாடம் என்று மனனஞ் செய்தனரோ, அதனை ஜோன்சன் காலத்தவர் தட்டில் கேட்டதே இல்லை. ஒரே ஏட்டை மட்டும் கண்டவர்க்குப் பாடபேதம் தெரியாது. பல ஏடுகளை ஒப்புநோக்கியவர்க்கே எது புலவன் வாக்கு, எது ஏடெழுதியவன் கைப்பிழை என்று ஆராயும் வாய்ப்பு உண்டு. இசையில் அதனினும் ஒருபடி மேலே செல்லவேண்டும்: இங்கு இரு பாடங்களும் புலவன் வாக்கே.

ஜோன்சனும் தட்டைக் கேட்டுக் கற்றவரே என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். ஸ்கிப் ஜேம்ஸ் 1931 இல் ‘22-20 புளூஸ்’ என்னும் பாட்டைப் பியானோவில் வாசித்துப் பாடினார். அதனின்று பிறந்ததே 1936 இல் ஜோன்சன் பதிந்த ‘32-20 புளூஸ்’. அதற்கு அவர் கொண்ட கருவி கிற்றார். பியானோவில் இரு கைகள் செய்ததை ஆறு தந்திகளில் அவர் தேடிக் கண்டார். ஒலியைப் படியெடுக்காது ஒலியின் காரணத்தைக் கற்றார் எனலாம். இதனைக் காட்டிப் பிறிதொரு சாரார், “அவரே மாற்றினார், யாமும் எம் விருப்பப்படி வாசிப்போம்” என்பர். இவர் கூற்றும் பொருந்தாது. கேட்டதை முற்றக் கேட்டபின் மாற்றியவர் ஜோன்சன். கேளாமலே மாற்றுவோர் இவர். முன்னது ஆக்கம், பின்னது சோம்பல்.

இவ்விரு சாராருக்கும் விடையாக அமைந்த நிகழ்ச்சி 1964 இல் நடந்தது. அவ்வாண்டில் சன் ஹவுஸ் நியூயோர்க் மாநிலத்து றொச்செஸ்ரர் நகரில் வாழ்ந்துவருவதைச் சில இளைஞர் கண்டறிந்தனர். அவர் கிற்றாரைக் கைவிட்டுப் பல ஆண்டுகள் கழிந்திருந்தன. தம் பழைய பாடல்களை வாசிக்கும் முறையையே மறந்திருந்தார். அலன் வில்சன் என்னும் இளைஞர், அவர் பிறப்பதற்கு முன்னே பதிந்த ஹவுஸின் தட்டுகளைக் கேட்டுக் கேட்டு வாசிப்பு முறையைக் கைவரப் பெற்றவர். அவர் முதியவரின் எதிரே அமர்ந்து, 1930 இல் இவ்வாறு வாசித்தீர்கள், 1942 இல் இவ்வாறு வாசித்தீர்கள் என்று வாசித்துக் காட்டினார். ஆசானின் கல்வி மாணவன் வழியாக ஆசானுக்கே திரும்பியது. 1965 இல் ஹவுஸ் கொலம்பியா நிறுவனத்துக்குப் புதிய தட்டைப் பதிந்தார்.

வில்சன் தட்டைத் துல்லியமாகக் கேளாதிருந்தால் ஹவுஸுக்குத் திருப்பிக்கொடுக்க அவரிடம் ஒன்றும் இருந்திராது. எனவே துல்லியம் வேண்டும். ஆயின் ஹவுஸ் மீண்டும் பாடியபோது 1930 ஆம் ஆண்டின் தட்டு அப்படியே திரும்பவில்லை. அன்று ‘மை பிளக் மாமா’ என்ற பெயரில் இரு பக்கங்களாகப் பதிந்த பாட்டின் ஒரு பகுதி, ‘டெத் லெற்றர்’ என்னும் வேறொரு பெரும்பாட்டாக வளர்ந்து வந்தது. மேடைதோறும் அதன் கண்ணிகளும் மாறின. நினைவு மீண்டவுடன் ஆசான் தட்டைக் கடந்து சென்றார். மாணவன் காத்துத் தந்தது விதை. மரத்தை வளர்த்தவர் ஆசானே.

இங்கு அறம்பற்றிய செய்தி ஒன்றும் உண்டு. இக்கலைஞருட் பலர் ஒரு பக்கத்துக்கு இவ்வளவு என்று ஒருமுறைக் கூலி பெற்றதோடு நின்றனர். பின்னாளில் அவர் பாட்டைக் கேட்டுக் கற்றோர் சிலர் பெரும்பொருளும் புகழும் எய்தினர். தட்டு, கேட்பவனிடம் தட்சணை கேட்பதில்லை. அதனாலேயே கேட்டவன் கடன் மிகுகின்றது. எவரிடம் கற்றோம் என்பதைச் சொல்வதும், உரியவர்க்கு உரியதைச் சேர்ப்பதும் அக்கடனின் பகுதியாகும்.

ஆகவே, இசைத்தட்டு ஆசானாகுமா என்னும் வினாவுக்கு, ஆகும், ஆனால் பேசாத ஆசான் என்பதே எமது விடை. அது திருத்தாது; விளக்காது; தன் பிழையையும் தற்செயலையும் மறைக்கவும் செய்யாது. அதன்முன் அமர்பவன் தந்தியை, பெருவிரலை, மூச்சை முற்றக் கேட்டல் வேண்டும். கேட்டதனுள் ஒருநாட் பாட்டு எது, என்றும் நிற்கும் முறை எது என்று தேர்தல் வேண்டும். அவ்வாறு தேர்ந்தவனுக்குக் கேள்வி, கேட்டலோடு நில்லாது வினாவுதலும் ஆகின்றது. கேள்வி என்னும் ஒரு சொல்லால் இவ்விரண்டையும் வழங்கும் நம் மொழி இவ்வுண்மையை நன்குணர்ந்தது போலும்.