அச்சம் புகுந்த இல்லம்: இரு அமெரிக்கப் படைப்புகள்

வாழ்வை அகம் என்றும் புறம் என்றும் வகுத்து நோக்கினர் நம் முன்னோர். காதலும் இல்லறமும் ஒருபால். அரசும் போரும் மற்றொருபால். செய்யுளை ஆராய்வதற்கு இப்பாகுபாடு பெரிதும் துணைபுரியும். ஆனால், வீட்டுக் கதவைச் சாத்திவிட்டால் அரசியல் வெளியே நின்றுவிடும் என்று இதைக்கொண்டு எவரேனும் வாதிப்பாராயின், அவருக்கு 1940களின் பிற்பகுதியிலும் 1950களிலும் ஐக்கிய அமெரிக்காவை ஆட்டிப்படைத்த கம்யூனிஸ அச்சத்தின் வரலாற்றை நாம் எடுத்துக்காட்டலாம்.

அவ்வச்சத்தை மக்கார்த்தி என்னும் செனட்டர் ஒருவரின் வெறியாகச் சுருக்கிக் கூறுவோர் பலர். அது வரலாற்றுக்குப் பொருந்தாது. மக்கார்த்தி தம் குற்றச்சாட்டுகளை முழங்கத் தொடங்கியது 1950 பெப்ரவரியிலேயே. அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்னர், 1947 மார்ச்சில், அரசாங்க ஊழியரின் விசுவாசத்தைச் சோதிக்கும் கட்டளையை ஜனாதிபதி ட்ரூமன் பிறப்பித்துவிட்டார். ஐயத்துக்குரிய அமைப்பொன்றில் அங்கத்தவராய் இருந்தமை மட்டுமன்றி, அதனோடு அனுதாபத் தொடர்பு கொண்டிருந்தமையும் விசாரணைக்குரியதாயிற்று. தொடர்பு என்ற சொல்லுக்கு எல்லை ஏது? தந்தை வாசிக்கும் பத்திரிகையும் தங்கை செல்லும் கூட்டமும் அதனுள் அடங்கிவிடும்.

அவ்வாறே நிகழ்ந்தது. 1953இல் விமானப்படையின் ஒதுக்குப்படை அதிகாரியான மைலோ ரடுலோவிச் என்பவர் பாதுகாப்புக்கு ஆபத்தானவரென்று பதவி நீக்கப்பட்டார். அவருடைய விசுவாசத்தில் எவரும் குறை காணவில்லை. சேர்பியாவிலிருந்து குடியேறிய தந்தையும் உடன்பிறந்த சகோதரியுமே அவர்மேல் சாட்டப்பட்ட குற்றங்கள். எட்வேர்ட் மரோ தம் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் இவ்வழக்கை நாடறியச் செய்த பின்னரே, அடுத்த மாதத்தில், பதவி மீண்டது.

அதே ஆண்டு யூன் 19இல் ரோசன்பேர்க் தம்பதியர் மின்நாற்காலியில் கொல்லப்பட்டனர். கணவர் ஜூலியஸ் உளவில் ஈடுபட்டமையைப் பிற்காலத்தில் வெளியான ஆவணங்கள் உறுதிப்படுத்தியுள்ளன. அதை மறைத்துப் பேசுவது நமக்குப் பெருமை தராது. ஆனால் மனைவி எதெலுக்கு எதிராக நின்ற முக்கிய சாட்சி அவருடைய சொந்தத் தம்பி. உளவுக் குறிப்புகளை அவர் தட்டச்சுச் செய்தார் என்று தாம் கூறியது நேரிற் கண்டு கூறியதன்று என்றும், தம் மனைவியைக் காப்பதற்கே அவ்வாறு சாட்சியமளித்தார் என்றும் அத்தம்பி 2001இல் வெளிப்பட ஒப்புக்கொண்டார். பத்து வயதும் ஆறு வயதுமான இரு சிறுவர் அன்று அநாதைகளாயினர்.

இரத்த உறவே சாட்சிக் கூண்டாக மாறிய இக்காலத்தை அந்நாட்டுக் கலைஞர் எவ்வாறு எதிர்கொண்டனர்? இரு படைப்புகளை இங்கு ஒப்புநோக்குவோம்.

முதலாவது, 1953 ஜனவரியில் நியூயோர்க்கில் மேடையேறிய ஆதர் மில்லரின் 'த குருசிபிள்' நாடகம். பொன்னை உருக்கும் மூசை என்பது அப்பெயரின் பொருள். 1692இல் மசச்சூசெற்ஸ் மாநிலத்துச் சேலத்தில் சூனியம் செய்தாரென்ற பழியால் பத்தொன்பது பேர் தூக்கிலிடப்பட்டனர். இன்னொருவர் கற்களால் நசுக்கிக் கொல்லப்பட்டார். அவ்வரலாற்றைக் கொண்டு தம் காலத்தைப் பேசினார் மில்லர்.

நீதிமன்றக் காட்சியையே இந்நாடகத்தின் சிகரமாகப் பலர் பாராட்டுவர். நமக்கோ இரண்டாம் அங்கமே தலையாயதாகப் படுகிறது. வயலிலிருந்து திரும்பும் ஜோன் புரொக்டர் அடுப்பிலுள்ள குழம்பைச் சுவைத்துப் பார்க்கிறான். மனைவி அறியாமல் அதில் உப்பிடுகிறான். அவள் பரிமாறியபின் அவளது கைப்பக்குவத்தையே புகழ்கிறான். அன்பு இருக்கிறது, நம்பிக்கை இல்லை. பணிப்பெண்ணாயிருந்த அபிகெயிலோடு அவன் கொண்ட தகாத உறவு அவ்வில்லத்தை ஏற்கெனவே ஒரு விசாரணை மன்றமாக்கிவிட்டது. இந்நிலையில் வாயிலில் வந்து நிற்கிறார் பாதிரியார் ஹேல். கோயிலுக்கு ஒழுங்காகச் செல்கிறாயா, பத்துக் கட்டளைகளைச் சொல் பார்ப்போம் என்று கேள்விகள் தொடர்கின்றன. அன்றிரவே ஒரு துணிப்பொம்மை சாட்சியாகிறது. எலிசபெத் விலங்கிடப்பட்டுச் செல்கிறாள். வீட்டிலுள்ள பொருளெல்லாம் வீட்டாருக்கு எதிராகச் சாட்சி சொல்லும் காலத்தை இதனினும் கூர்மையாகக் காட்டுதல் அரிது.

இறுதியில் புரொக்டர் தன்மேற் பொய்ப்பழி ஏற்கவும் ஒருப்படுகிறான். பிறர் பெயரைச் சொல்ல மறுக்கிறான். அக்காட்சியை எழுதியவர் அதற்குரிய விலையையும் கொடுத்தார். 1956 யூனில் பிரதிநிதிகள் சபையின் அமெரிக்க விரோத நடவடிக்கைக் குழுவின் முன் நிறுத்தப்பட்ட மில்லர், தம்மைப் பற்றிப் பேசினார். பிறர் பெயர் கூற மறுத்தார். 1957இல் குற்றவாளியாகத் தீர்க்கப்பட்டு, 1958இல் மேன்முறையீட்டில் விடுபட்டார். எழுத்தும் வாழ்வும் ஒன்றுபட்ட இத்தகைய சந்தர்ப்பங்கள் இலக்கிய உலகில் மிகுதியாகக் கிடைப்பதில்லை.

எனினும் நாடகத்தின் குறையைச் சுட்டாது விடுதல் திறனாய்வாகாது. வரலாற்றில் அபிகெயில் பதினொரு, பன்னிரண்டு வயதுச் சிறுமி. புரொக்டர் அறுபதை அண்டியவர். மில்லர் அவளது வயதைக் கூட்டி, அவனது வயதைக் குறைத்து, அவர்களிடையே காமத்தைப் படைத்தார். கலைஞனுக்கு அவ்வுரிமை உண்டு. அதன் விளைவு யாது என்பதே நம் கேள்வி. நிலப்பேராசை கொண்ட புட்னம் போன்றோர் நாடகத்தில் இருந்தும், ஊரழிவின் முதற்பொறி தள்ளப்பட்ட பெண்ணொருத்தியின் பழிவாங்கலாகிவிடுகிறது. முதலில் அகப்பட்ட அடிமைப்பெண் டிற்றூபா விரைவில் மறக்கப்படுகிறாள். இவற்றிற்கெல்லாம் மேலாக, கணவனின் குற்றத்துக்குத் தன் அன்பின் குளிர்ச்சியே காரணமென்று கடைசி அங்கத்தில் மனைவியே பழியேற்கிறாள். அச்சம் எவ்வாறு வீட்டினுள் வந்தது என்பதை நாடகம் காட்டுகிறது. அவ்வீட்டின் பழைய அதிகார முறையை அது கேள்விக்குட்படுத்தவில்லை.

அக்கேள்வியை எழுப்பியது 1954 மார்ச்சில் வெளியான 'சோல்ட் ஒஃப் த எர்த்', அதாவது 'பூமியின் உப்பு' என்னும் திரைப்படம். இயக்குநர் ஹேர்பேட் பிபர்மன், கதாசிரியர் மைக்கல் வில்சன், தயாரிப்பாளர் போல் ஜரிக்கோ மூவரும் ஹொலிவூட்டின் கறுப்புப் பட்டியலில் இடம்பெற்றோர். பிபர்மன் விசாரணைக் குழுவுக்குப் பதிலளிக்க மறுத்துச் சிறை சென்றவர். நியூ மெக்சிக்கோவில் 1950 முதல் 1952 வரை நடந்த துத்தநாகச் சுரங்கத் தொழிலாளரின் வேலைநிறுத்தமே கதைக்கு மூலம்.

சுரங்க வாயிலில் தொழிலாளர் காவல் நிற்பதை நீதிமன்றம் தடைசெய்கிறது. தடை தொழிலாளருக்கே, அவர்தம் மனைவியருக்கு அன்று. எனவே பெண்கள் வாயிலுக்குச் சென்று கருங்காலிகளை மறிக்கின்றனர். குழந்தைகளோடு சிறை புகுகின்றனர். ஆண்கள் வீட்டில் துணி துவைக்கின்றனர். அப்போதுதான் ரமோன் என்னும் தொழிலாளி, வீடுகளுக்கு வெந்நீர்க் குழாய் வேண்டுமென்று மனைவி எஸ்பெரான்சா கேட்டதன் நியாயத்தை உணர்கிறான். முதலாளியின் முன் உரிமை பேசிய அவனே வீட்டில் முதலாளியாய் இருந்தான் என்பதைப் படம் தயவின்றிக் காட்டுகிறது. அதிகாரத்தை இழந்துவிடுவோமோ என்ற அச்சம் ஆள்வோருக்கு மட்டும் உரியதன்று, கணவனுக்கும் உண்டு.

இப்படத்தை அரசாங்கமும் திரைத்தொழிலும் சேர்ந்து நசுக்க முயன்றன. எஸ்பெரான்சாவாக நடித்த மெக்சிக்க நடிகை றொசௌரா றெவுவெல்தாஸ் படப்பிடிப்பு முடியுமுன்னரே கைதுசெய்யப்பட்டு நாடு திரும்ப நேர்ந்தது. வெளியானபோதும் திரையிட முன்வந்த அரங்குகள் மிகச் சிலவே. அதே படத்தை 1992இல் தேசிய திரைப்படப் பதிவேட்டில் சேர்த்துப் பேணத் தீர்மானித்தது அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம்.

இது வெறும் பிரசாரம் என்பாருக்கு நம் விடை என்ன? ஷெரீப்பும் கம்பனி அதிகாரிகளும் தட்டையாக வார்க்கப்பட்டுள்ளனர் என்பது உண்மை. மில்லரின் உரையாடற் செறிவும் இதில் இல்லை. ஆயினும் கணவன் மனைவி உறவு மாறும் பகுதியில் இது உயிருள்ள கலையாகிறது. இறுதிக் காட்சியில் ஷெரீப்பின் ஆட்கள் எஸ்பெரான்சாவின் தட்டுமுட்டுச் சாமான்களை வெளியே எறிகின்றனர். அயலார் திரண்டு வந்து அவற்றை ஒவ்வொன்றாக உள்ளே கொண்டுசென்று வைக்கின்றனர். சேலத்தில் அயலார் ஒருவரையொருவர் காட்டிக்கொடுத்தமையால் இல்லங்கள் அழிந்தன. இங்கே அயலார் வந்தமையால் இல்லம் நிலைபெறுகிறது.

1959 யூலையில் மொஸ்கோவில் நடந்த அமெரிக்கக் கண்காட்சியில் நவீன சமையலறை ஒன்றின் முன் நின்று, குருஷேவிடம் தம் நாட்டு இல்லத்தரசியின் வசதிகளை எடுத்துரைத்தார் உபஜனாதிபதி நிக்சன். அமெரிக்க வீடு அன்று சுதந்திரத்தின் காட்சிப்பொருள். எட்டாண்டுகளுக்கு முன் வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளர் வீட்டுப் பெண்களோ வெந்நீருக்கே ஏங்கியிருந்தனர். அதைப் படமாக்கியோர் தேசத்துரோகிகளெனப்பட்டனர். சமையலறையைப் புகழ்ந்த அரசியல், சமையலறையிலிருந்து எழுந்த குரலுக்கு அஞ்சியது.

மில்லரின் நாடகம் இன்று பல நாடுகளில் பாடநூல். கூட்டவெறி தீது என்னும் பொது நீதியை மட்டும் அதிலிருந்து எடுத்து மாணவர்க்கு ஊட்டிவிடுதல் எளிது. அவ்வச்சம் எவருக்குப் பயன்பட்டது, எந்தத் தொழிற்சங்கத்தை உடைக்க உதவியது, வீட்டில் எவரை வாய்திறவாமல் வைத்தது என்ற வினாக்களும் வகுப்பறையில் எழவேண்டும். அதற்கு மூசையோடு உப்பையும் சேர்த்துக் கற்பித்தல் நம் போன்ற ஆசிரியர்களின் கடமை.