30 ரூபாய் வழக்கு

1891இல் பாரிஸ்டராகத் திரும்பிய காந்தி, பம்பாய்ச் சிறுவழக்கு நீதிமன்றத்தில் ஏற்ற முதல் வழக்கைச் 'சத்திய சோதனை'யில் விவரிக்கிறார். மமீபாய் என்பவருக்காக 30 ரூபாய் பெற்று எழுந்தவருக்குச் சாட்சியை வினவ நா எழவில்லை. வழக்கைக் கைவிட்டு வெளியேறினார். கூச்சத்தை வென்ற ஒருவரின் கதையாகவே இதனை நாம் வகுப்பறையில் கற்பித்து வருகிறோம்.

ஆயின், கட்சிக்காரர் வென்றாரா தோற்றாரா என்பதை அறியாமலே தாம் விரைந்து சென்றதாக அவரே ஒப்புக்கொள்கிறார். இளம் வழக்கறிஞரின் வெட்கம் விரிவாக வருகிறது. வழக்குக்குரிய பெண்ணோ வெறும் பெயராக நிற்கிறார். இப்பகுதியின் குறை இதுவே.

அதன் தொடர்ச்சியிலேயே அக்குறைக்கு விடையும் உண்டு. போர்பந்தரில் நிலம் பறிக்கப்பட்ட ஏழை முஸ்லிம் ஒருவருக்குக் கூலி பெறாமல் மனு எழுதிக்கொடுத்தார். நண்பர்கள் அதனைப் பாராட்ட, நம்பிக்கை பிறந்தது. அவரது தொழில் உண்மையில் தொடங்கியது அங்கேதான் என்பது நம் துணிபு.

வன்னியில் வாழும் நமக்கு இது வெறும் நூலாராய்ச்சி அன்று. 2017இல் கேப்பாப்புலவு மக்கள் தம் காணிகளைக் கேட்டு விமானப்படை முகாமின் முன் இரவு பகலாக அமர்ந்திருந்தனர். கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ சிறிய அலுவலகமொன்றில் மூத்த சட்டத்தரணியிடம் தொழில் பழகும் நம் மாணவர் முதலில் கற்க வேண்டியது வாதத்திறன் அன்று. காணி உறுதியைத் தொலைத்த தாயொருவரின் சொல்லை முழுமையாகக் கேட்டு எழுதுவதே. வழக்கின் முடிவில் அத்தாய் தம் காணிக்குத் திரும்பினாரா என்பதையும் அவர் அறிந்திருத்தல் வேண்டும்.