படத்தின் மேல் எழுத்து: எது தெரிய வேண்டும்?

உங்கள் செய்முறைக் கையேட்டை எடுத்து, ஏதேனும் ஒரு கருவியின் நிழற்படம் அச்சிட்ட பக்கத்தைத் திருப்புங்கள். படத்தின் மேல் பாகங்களின் பெயர்கள் எழுதப்பட்டிருக்கும். கை எட்டும் தூரத்தில் வைத்து அவற்றைப் படித்துப் பாருங்கள். எத்தனை பெயர்களைத் தடுமாறாமல் படிக்க முடிகிறது?

வியாசர்பாடியில் இயற்பியல் கற்பிக்கும் எனக்கு இக்கேள்வி ஒரு சிறு விபத்திலிருந்து பிறந்தது. பலமுறை நகலெடுக்கப்பட்ட கையேடு ஒன்றில் மின்வழங்கியின் படம் இருந்தது. அதன் சொரசொரப்பான முகப்பின் மேலேயே ‘1.5 வோல்ட்’ என்று எழுதியிருந்தார்கள். புள்ளி மறைந்துவிட்டது. மாணவர் 15 வோல்ட் வைத்தார். டார்ச் பல்பு பளிச்சிட்டு அணைந்தது. நட்டம் சில ரூபாய்தான். ஆனால் இந்த மாணவர்களில் பலர் நாளை மணலியிலும் எண்ணூரிலும் உள்ள ஆலைகளில், இத்தகைய படங்களைப் பார்த்தே வால்வைத் திருகப் போகிறவர்கள். அங்கே ஒரு புள்ளி தவறினால் போவது பல்பு மட்டுமல்ல.

குற்றம் மாணவருடையதன்று. எழுத்தை நம் கண் அதன் கருமையால் மட்டும் அறிவதில்லை. எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாட்டால் அறிகிறது. நிழற்படத்தில் வெளிச்சமும் நிழலும் மாறி மாறி வரும். கறுப்பு எழுத்து நிழலில் மறையும். வெள்ளை எழுத்து வெளிச்சத்தில் கரையும். தமிழுக்கு இதில் கூடுதல் துன்பம் உண்டு. ‘பல்’ என்பதும் ‘பல’ என்பதும் ஒரு புள்ளியால்தான் வேறுபடுகின்றன. படத்தின் பொட்டுகளுக்கிடையே அப்புள்ளியை எங்கே தேடுவது?

இதற்கு அஞ்சிச் சிலர் படத்தின் மேல் முழு வெள்ளைப் பட்டை ஒட்டி, அதன் மேல் எழுதுகிறார்கள். எழுத்து தெரிகிறது, படம் போய்விடுகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தையொட்டி எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தது. அத்தகைய இடத்தின் படத்தில் ‘எண்ணெய்ப் படலம்’ என்ற பட்டையைப் படலத்தின் மேலேயே ஒட்டினால், படம் சாட்சி சொல்வது எப்படி?

இவ்விரண்டுக்கும் நடுவழி ஒன்று உண்டு: ஒளிகசியும் பட்டை. பஜ்ஜி வைத்த எண்ணெய்க் காகிதத்தைச் செய்தித்தாள் மேல் வைத்துப் பாருங்கள். கீழே ஏதோ இருப்பது தெரியும். ஆனால் அது கண்ணை உறுத்தாது. கணினியில் இதைக் கணக்கால் செய்கிறோம். தாமஸ் போர்ட்டர், டாம் டஃப் ஆகிய இருவர் 1984இல் வெளியிட்ட கட்டுரை இக்கலவைக் கணக்கை முறைப்படுத்தியது.

கணக்கு எளியது. முழுக் கருமை 0, முழு வெண்மை 1 என்க. பட்டையின் வெண்மைப் பங்கு 0.7 எனில் படத்தின் பங்கு 0.3. இப்போது படத்தின் மிகக் கருத்த இடத்தின் மதிப்பு 0.7, மிக வெளுத்த இடத்தின் மதிப்பு 1. 0 முதல் 1 வரை அலைந்த பின்னணி, 0.7 முதல் 1 வரை என அடங்கிவிட்டது.

எவ்வளவு வெண்மை போதும்? திரையில் வரும் சாதாரண எழுத்துக்குப் பின்னணியோடு குறைந்தது 4.5க்கு 1 என்ற ஒளி விகிதம் வேண்டும் என்பது இணைய வழிகாட்டு நெறி. திரையின் ஒளி இம்மதிப்புகளுக்கு நேர்விகிதத்தில் இல்லை என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால், கறுப்பு எழுத்துக்கு மிக மோசமான இடத்தில் கிடைப்பது இது: 30 விழுக்காடு வெண்மைக்கு ஏறத்தாழ 2.5, 50க்கு 5.3; 70க்கு 10. ஆகவே 30 போதாது, 50 விளிம்பில் நிற்கிறது, 70 நம்பத்தக்கது.

இம்முறையைக் கையாளுவோரும் மூன்று இடங்களில் தவறுகிறார்கள். முதலாவது, பட்டையின் நிறத்துக்கு மட்டும் தர வேண்டிய ஒளிகசிவை எழுத்துக்கும் சேர்த்துத் தருவது. எழுத்தே வெளிறிவிடும், செய்த வேலை வீண். இரண்டாவது, நகல் எந்திரத்தை மறப்பது. லேசர் அச்சும் கறுப்பு வெள்ளை நகலும் சாம்பல் நிறத்தைச் சிறு புள்ளிகளாகவே காட்டுகின்றன. அப்புள்ளிகள் மெய்யெழுத்தின் புள்ளியோடு கலந்துவிடும். நகலெடுக்கப்படும் ஏட்டுக்கு 80, 85 விழுக்காடு வெண்மையும் பருத்த எழுத்தும் நல்லது. மூன்றாவது, கோப்பு வடிவத்தைக் கவனியாமை. நெடுங்காலச் சேமிப்புக்கான பிடிஎஃப் தரத்தின் 2005ஆம் ஆண்டு முதற்பகுதி ஒளிகசிவை ஏற்பதில்லை. 2011இல் வந்த இரண்டாம் பகுதிதான் ஏற்றது.

ஒளிகசியும் பட்டை எல்லாவற்றுக்கும் மருந்தாகுமா? ஆகாது என்பதே என் கருத்து. பழைய பாடநூல்களில் மைக்கோட்டுப் படம் நடுவில் நிற்கும். பெயர்கள் ஓரத்தில் நிற்கும். ஒரு மெல்லிய கோடு இரண்டையும் இணைக்கும். படமே சான்றாக நிற்கும் இடத்தில் இன்றும் அதுவே சிறந்த முறை. ஓரத்தில் இடமில்லாதபோது, படத்தின் முக்கியமற்ற மூலையில் ஒளிகசியும் பட்டையைப் பயன்படுத்தலாம். நேரடியாகப் படத்தின் மேல் எழுதுவதை மட்டும் எந்த நிலையிலும் ஏற்க இயலாது.

மாணவ நண்பர்களே, அடுத்த முறை நீங்கள் ஆய்வறிக்கை தயாரிக்கும்போது அதை ஒருமுறை கறுப்பு வெள்ளையில் நகலெடுங்கள். உங்கள் ஆய்வைப் பற்றி ஏதுமறியாத ஒருவரிடம் கொடுத்து, படத்திலுள்ள எண்களை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். அவர் தயங்கும் இடத்தைத் திருத்திய பிறகே அறிக்கையை ஆசிரியரிடம் கொடுங்கள்.