பெர்பெத்துவாவின் சிறைக் குறிப்பும் நமது பிரசங்க பீடமும்

இரத்தசாட்சிகளைக் குறித்து நாம் அடிக்கடி பிரசங்கிக்கிறோம். அவர்கள் எழுதியவற்றை வாசிப்பதோ அரிது. அவர்கள் கைப்பட எழுதியவையாக நமக்குக் கிடைத்திருப்பவை மிகச் சிலவே. அவற்றுள் ஒன்று, கி.பி. 203இல் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் கொல்லப்பட்ட விபியா பெர்பெத்துவாவின் சிறைக் குறிப்பு. பெர்பெத்துவா, பெலிசித்தாள் ஆகியோரின் பாடுகளைக் கூறும் இலத்தீன் நூலின் நடுவே அது அமைந்துள்ளது.

இந்நூல் ஒரே கையால் எழுதப்பட்டதன்று. முன்னுரையையும் மரணக் காட்சியையும் பெயர் அறியப்படாத தொகுப்பாசிரியர் ஒருவர் எழுதியுள்ளார். இடையில் பெர்பெத்துவாவின் குறிப்பும், உடன் கைதியான சத்தூருவின் தரிசனமும் அவரவர் கூற்றாகவே இடம்பெறுகின்றன. தொகுப்பாசிரியரின் நோக்கம் வெளிப்படையானது: ஆவியானவர் முற்காலத்தில் மட்டுமன்றித் தம் காலத்திலும் செயற்படுகிறார் என்று நிலைநாட்ட அவர் விரும்புகிறார். ஆகவே அவரது நடை உயர்ந்து ஒலிக்கிறது.

பெர்பெத்துவாவின் நடையோ எளியது. ஏறத்தாழ இருபத்திரண்டு வயதுடைய இத்தாய், சிறையின் இருளையும் வெக்கையையும், பாலின்றிச் சோர்ந்த தம் கைக்குழந்தையையும் பற்றி எழுதுகிறார். விசுவாசத்தை மறுதலிக்கும்படி மன்றாடிய தந்தைக்கு அவர் இணங்கவில்லை. எனினும் அதிகாரி இலாரியானுவின் கட்டளையால் தந்தை அடிக்கப்பட்டபோது, அவ்வடி தம்மேல் விழுந்ததுபோல் வருந்தினார். லூக்கா 14:26ஐ எடுத்துக்கொண்டு, பாசமற்றவர்களே இரத்தசாட்சிகள் என்பதுபோல் பிரசங்கிக்கும் நமக்கு இப்பகுதி ஒரு கண்டனமாகும். பாசம் குன்றியதால் அன்று, பாசம் நிறைந்திருந்தும் அவர் உறுதியாய் நின்றார். விலையில்லாத சாட்சியை நூல் நமக்குக் காட்டவில்லை.

ஏழு வயதில் நோயால் மாண்ட தம் தம்பி தினோக்கிராத்துக்காக அவர் ஜெபித்ததும், அவன் தாகம் தீர்ந்ததாகத் தரிசனம் கண்டதும் சீர்திருத்தத் திருச்சபையினராகிய நமக்கு இடறலாகலாம். இதனை ஆதாரமாகக் காட்டி வாதிட்டவர்களுக்கு மறுமொழியாக, இந்நூல் திருமறையைச் சேர்ந்ததன்று என அகுஸ்தீன் சுட்டிக்காட்டினார். அவரே இவ்விரத்தசாட்சிகளின் நினைவுநாளில் பிரசங்கித்தும் உள்ளார். அவ்வழியே நமக்கும் ஏற்றது: இதிலிருந்து உபதேசம் வகுக்க வேண்டாம், இதனை மறைக்கவும் வேண்டாம்.

நூலின் குறை ஒன்றையும் கூறவேண்டும். அடிமைப் பெண் எனப் பொதுவாகக் கருதப்படும் பெலிசித்தாள் எட்டு மாதக் கர்ப்பிணியாய்ச் சிறையிலிருந்து, அங்கேயே பெண் மகவை ஈன்றாள். பிரசவ வேதனையில் அலறியவளைக் காவலன் ஏளனம் செய்தபோது அவள் கூறிய மறுமொழி மட்டுமே நமக்குக் கிடைத்துள்ளது. அதுவும் தொகுப்பாசிரியரின் வாயிலாகவே. கல்வி பெற்ற உயர்குடிப் பெண்ணுக்குத் தன் வரலாற்றை எழுத வாய்த்தது, அடிமைக்கு வாய்க்கவில்லை. இரத்தசாட்சிகளின் வரலாற்றை எழுதுவோரும் போதிப்போரும் இவ்வேற்றத்தாழ்வை மறத்தலாகாது.

விளையாட்டரங்கில் நடக்கவிருப்பதை விரும்புகிறவர் எழுதட்டும் என்னும் கருத்துடன் பெர்பெத்துவா தம் குறிப்பை முடிக்கிறார். அப்பொறுப்பு தொகுப்பாசிரியரோடு முடிந்துவிடவில்லை. ஒவ்வொரு பிரசங்கத்திலும் நம்மிடம் வருகிறது. அந்தத் தாயின் கவலையையும் அந்தத் தந்தையின் கண்ணீரையும் நீக்கிவிட்டு நாம் அதனை நிறைவேற்ற இயலாது.