விரிசலின் மேல் பூசும் பெயின்ட்

பதுளையில் வாடகை வீட்டைக் காலி செய்யும்போது வீட்டுக்காரரின் கண் முதலில் போவது சுவருக்குத்தான். பெயின்ட் அடித்துக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அட்வான்ஸில் கழிப்பார்.

இந்த வழக்கத்தில் நியாயம் உண்டு. ஓய்வூதியக் காசில் இரண்டு அறை கட்டி வாடகைக்கு விட்டவருக்கு ஆணித் துளைகளும் பிள்ளைகளின் கிறுக்கலும் நட்டம்தான். அடுத்து வருகிறவருக்கும் சுத்தமான வீடு வேண்டும்.

ஆனால் ஊவாவில் சுவரைக் கெடுப்பதில் மழைக்குப் பெரும் பங்குண்டு. ஒக்டோபரில் பிடிக்கும் மழை தை வரை இழுக்கும். கூரை ஒழுகும், அத்திவாரம் ஈரம் உறிஞ்சும், சுவரெல்லாம் பூஞ்சணம் படரும். இதற்கும் குடியிருந்தவரிடமே காசு பிடிப்பது அநியாயம். இலங்கையில் வாடகை உறவுக்கு அடிப்படையான ரோமன் டச்சுச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறாக எழுதாதவரை, வீட்டைக் குடியிருக்கத் தக்கதாக வைத்திருப்பது உரிமையாளரின் கடமை. சாதாரணத் தேய்மானத்துக்குக் குடியிருப்பவர் பொறுப்பல்ல; அவருடைய கவனயீனத்தால் வந்த சேதத்துக்கே பொறுப்பு.

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலோ கணக்கே வேறு. லயத்து அறையான காம்பரா நிர்வாகத்தின் சொத்து. அதற்குத் தீபாவளிக்கு முன் சுண்ணாம்பு அடிப்பதும், ஒழுகும் தகரத்தை அடைப்பதும், இஸ்தோப்புக்குச் சிமெந்து போடுவதும் பல இடங்களில் கொழுந்து பறித்த சம்பளத்தில்தான். 1971ஆம் ஆண்டின் தோட்டக் குடியிருப்புகள் சட்டம், நீதிமன்றக் கட்டளையில்லாமல் அவர்களை வெளியேற்ற முடியாது என்கிறது. பெரிய காப்புத்தான். ஆனாலும் தாத்தா காலத்திலிருந்து பூசிவந்த சுவர் பேரனுக்குச் சொந்தமாகவில்லை.

பெயின்ட் அடித்துக் கொடுக்கும் வழக்கத்தில் எனக்கு மிகவும் பயம் தருவது வேறொன்று. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. நிலத்திலும் சுவரிலும் புதிதாக விழும் விரிசல்கள் மண்சரிவின் முன்னறிகுறியாக இருக்கலாம் எனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரிக்கிறது. அட்வான்ஸ் போய்விடுமே என்று ஒருவர் பட்டி வைத்து, பெயின்ட் அடித்து மறைத்த விரிசல், அடுத்துக் குடிவரும் குடும்பத்தின் கண்ணில் படாது.

குடிபோகும் நாளிலேயே வீட்டுக்காரரோடு நின்று ஒவ்வொரு சுவரையும் படம் எடுத்து வையுங்கள். காலி செய்யும்போது ஆணித் துளைகளை அடைத்துக் கொடுங்கள். விரிசலை மட்டும் மூடாதீர்கள். வீட்டுக்காரரையும் கிராம சேவகரையும் கூப்பிட்டுக் காட்டுங்கள்.