தேக்கத்துக்கும் ஒரு இன்கிரிமென்ட்

போன மாசம் நிலக்கோட்டை போயிருந்தப்ப, பொதுத்துறை வங்கி ஒன்றில் கிளார்க்காக இருக்கும் ஒரு அண்ணனிடம் பேசிக்கொண்டிருந்தேன். சம்பளம் பற்றிப் பேச்சு வந்தபோது, "எனக்கு இப்ப ஸ்டாக்னேஷன் இன்கிரிமென்ட் ஓடிக்கிட்டிருக்கு தம்பி" என்றார். கிண்டலுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லையாம். வங்கி நிர்வாகங்களும் சங்கங்களும் கையெழுத்துப் போடும் இருதரப்பு ஒப்பந்தத்திலேயே உள்ள பெயர் அது. தமிழில் தேக்கநிலை ஊதிய உயர்வு. "நீ தேங்கிட்ட, இந்தா வச்சுக்கோ" என்பதை ஒரு நிறுவனம் எழுத்திலேயே ஒப்புக்கொள்வது எனக்குப் புதுசு. அதைக் கொஞ்சம் தோண்டிப் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. 2024 மார்ச் 8 அன்று கையெழுத்தான 12-வது இருதரப்பு ஒப்பந்தப்படி கிளார்க்கின் அடிப்படைச் சம்பளம் 24,050 ரூபாயில் தொடங்கி 64,480 ரூபாயில் முடிகிறது. நடுவில் 19 ஏற்றங்கள், வருஷத்துக்கு ஒன்று. 22 வயதில் சேர்ந்தவர் 41 வயதில் உச்சிக்கு வந்துவிடுவார். வங்கியியல் பரீட்சைகள் எழுதித் தேறினால் இன்னும் சீக்கிரம். ஓய்வு வயது 60. ஆக, மிச்சம் 19 வருஷம். பஞ்சப்படி ஏறும், அடுத்த ஒப்பந்தம் வரும், அது வேறு கதை. ஆனால் வருஷா வருஷம் ஏறுகிற படி அத்தோடு நின்றுவிடுகிறது. சில வருஷத்துக்கு ஒருமுறை இந்தத் தேக்க ஏற்றம் மட்டும் வரும்.

"அப்படின்னா அதிகாரியா ஆகிட வேண்டியதுதானே?" என்று நானும் கேட்டேன். "ரெண்டு தடவை வந்துச்சு தம்பி, வேண்டாம்னுட்டேன்" என்றார்.

இங்கேதான் விஷயமே இருக்கிறது. கிளார்க் தேர்வு மாநிலவாரியாக நடக்கிறது, உள்ளூர் மொழி தெரிந்திருக்க வேண்டும். இடமாற்றமும் பெரும்பாலும் பக்கத்திலேயே. அதிகாரி என்றால் இந்தியா முழுக்க எங்கே போட்டாலும் போகவேண்டும். பிள்ளை குழு 1974-ல் பரிந்துரைத்து, 1979 விதிகளில் நடைமுறைக்கு வந்த ஏணி அது: ஸ்கேல் 1-ல் தொடங்கி ஸ்கேல் 7-ல் பொது மேலாளர். இப்போது ஸ்கேல் 1-ன் அடிப்படைச் சம்பளம் 48,480-ல் ஆரம்பிக்கிறது. உச்சியில் நிற்கும் கிளார்க் ஏற்கெனவே அதைத் தாண்டி நிற்கிறார். சம்பளத்தைக் குறைக்க மாட்டார்கள், பொருத்தமான ஒரு படியில் வைப்பார்கள். ஆனாலும் 45 வயதில் கையில் கூடுவது கொஞ்சம், கைவிட்டுப் போவது வீடு. வயசான அம்மா, பத்தாவது படிக்கிற பிள்ளை, வேலை பார்க்கிற மனைவி. இதையெல்லாம் தட்டின் ஒரு பக்கம் வைத்துப் பார்த்துத்தான் அவர் வேண்டாம் என்றிருக்கிறார்.

இதைப் பார்த்துவிட்டு "பேங்க்காரங்களுக்கு முன்னேறணும்ங்கிற எண்ணமே கிடையாது" என்று சொல்வது சுலபம். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பதவி உயர்வுக்கு ஊரை விலையாகக் கேட்டால், கொடுக்க முடிந்தவர்கள்தான் மேலே போவார்கள். திறமை வடிகட்டப்படுவதில்லை, குடும்பப் பொறுப்புதான் வடிகட்டப்படுகிறது. அதில் அதிகம் கழிந்துபோவது பெண்கள் என்பதை எந்தக் கிளைக்குப் போனாலும் பார்க்கலாம்.

சங்கங்கள் மேலும் எனக்கு வருத்தம் உண்டு. ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் தேக்கத்துக்கான காசைப் பேசினார்கள். தேக்கத்தைப் பற்றிப் பேசியது குறைவு. காசு தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் வலிக்கு மாத்திரை கொடுத்துக்கொண்டே இருந்தால் வியாதியை யார் பார்ப்பது?

இடமாற்றத்துக்கு நியாயமான காரணம் இருக்கிறது. ஒரே நாற்காலியில் வருஷக்கணக்காக இருந்தால் முறைகேட்டுக்கு வழி. முக்கியமான இருக்கைகளில் ஆட்களை மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும் என்று மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையமே சொல்கிறது. சரிதான். அதற்கு நிலக்கோட்டையிலிருந்து வத்தலக்குண்டுக்கோ சின்னாளபட்டிக்கோ மாற்றினால் போதாதா? குவாஹாத்தி எதற்கு?

இதில் வங்கிக்கும் நஷ்டம் இருக்கிறது. நிலக்கோட்டை பூ மார்க்கெட்டை நம்பி நிறையக் குடும்பங்கள். கோடையில் மல்லிகை கொட்டும், விலை விழும். மார்கழிப் பனியில் வரத்து சுருங்கும், விலை எங்கேயோ போகும். யார் வீட்டுக்கு எப்போ பணம் வரும், யார் நகையை எப்போ மீட்பார்கள், தவணை தவறினால் அது ஏமாற்றா இல்லை கோடை விலையா என்பது அந்த அண்ணனுக்கு அத்துப்படி. வேறு மாநிலத்திலிருந்து வரும் மேலாளர், பாவம், ஊர் பிடிபடும் நேரத்தில் மாற்றலாகிப் போய்விடுவார். அண்ணனின் இந்த அறிவை எழுத மதிப்பீட்டுப் படிவத்தில் கட்டம் இல்லை.

மென்பொருள் துறையில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். ஐ.பி.எம். 1960-களிலேயே 'ஃபெல்லோ' என்ற பதவியை உண்டாக்கியது: ஆட்களை மேய்க்காமல், தொழில்நுட்பத்திலேயே இருந்துகொண்டு உச்சிக்குப் போகலாம். இரட்டை ஏணி என்பார்கள். இங்கேயும் அது எல்லா இடத்திலும் ஒழுங்காக நடக்கவில்லை. பல கம்பெனிகளில் இரண்டாவது ஏணிக்கு நாலு படிதான். ஆனாலும் ஏணி என்றால் ஒன்றுதான் இருக்க முடியும் என்ற எண்ணத்தை அது உடைத்தது. வட்டாரக் கடன் நிபுணர் என்று ஒரு பதவி, நாலைந்து கிளைகளுக்குப் பொறுப்பு, மாவட்டத்துக்குள்ளேயே சுழற்சி, ஸ்கேல் 2, 3 வரை சம்பளம். வங்கிகளால் முடியாத காரியமா இது?

எல்லோரும் பொது மேலாளர் ஆக முடியாது. கூம்பின் உச்சி சின்னதுதான். ஆனால் நாற்காலி மாறாமல் இருப்பதும், செய்கிற வேலைக்கு மதிப்பே ஏறாமல் இருப்பதும் ஒன்றல்ல. அண்ணனின் கோபம் இரண்டாவதின் மேல்தான்.

கிளம்பும்போது கேட்டேன், "மூணாவது தடவை வந்தா?" சிரித்தார். "பிள்ளை காலேஜ் போனப்புறம் பாக்கலாம்னு இருந்தேன். அப்ப எனக்கு 54. அந்த வயசுல போயி யாருகிட்ட புதுசா வேலை கத்துக்க?"